1954-ஆம் ஆண்டின் குளிரும் ஒரு காகிதமும்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் என் வயதுக்காரர்கள் எல்லோர் தலையிலும் குரங்குக் குல்லாய் ஏறிவிடும். கடற்கரைச் சாலைக்குக் காலை நடைக்கு வருகிறவர்கள் மஃப்ளரால் காதை மூடிக்கொண்டு, "இந்த வருஷம் குளிர் ஜாஸ்தி சார்" என்று சொல்லிக்கொள்வார்கள். ஒவ்வொரு வருஷமும் இதையேதான் சொல்கிறோம். வெப்பமானியைப் பார்த்தால் 20, 21 டிகிரி இருக்கும். புதுச்சேரிக்காரனுக்கு அதுதான் குளிர். நானும் 2012 வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வு பெற்று இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. மகளின் இரண்டாவது பிரசவத்துக்காக நானும் மனைவியும் பிரான்சுக்குப் போனோம். மகளும் மாப்பிள்ளையும் பாரிஸின் வடக்குப் புறநகரில் இருக்கிறார்கள். நாங்கள் போய் இறங்கிய சில நாட்களில், ஜனவரி கடைசியில், ஐரோப்பா முழுவதையும் ஒரு கடுங்குளிர் அலை பிடித்துக்கொண்டது. பிப்ரவரி பாதி வரை அது விடவில்லை. தொலைக்காட்சியில் எந்நேரமும் அதே பேச்சுதான். ஒரு நாள் காலை மாப்பிள்ளை ஜன்னலுக்கு வெளியே மாட்டியிருந்த வெப்பமானியைப் பார்த்துவிட்டு, "மாமா, மைனஸ் எட்டு" என்றார். பனி பெய்யவில்லை. வானம் நம்மூர்த் தை மாதத்து வானம்போல் நீலமாக, வெயிலோடு இருந்தது. அதைப் பார்த்து நான் ஏமாந்துபோனேன். வெயில் அடிக்கிறதே, என்ன ஆகிவிடும் என்று கிளம்பிவிட்டேன்.

"அப்பா, கையுறை போட்டுக்குங்க" என்று மகள் சொன்னாள். போட்டுக்கொண்டுதான் போனேன். ரயிலில் பயணச்சீட்டை எடுப்பதற்காகக் கழற்றி இருக்கையில் வைத்தவன், கார் து நோர் நிலையத்தில் இறங்கும்போது அங்கேயே விட்டுவிட்டேன். தெருவுக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது. திரும்பிப் போய்ப் பயனில்லை என்று நடந்தேன். அங்கிருந்து கார் து லெஸ்த் நிலையம் பக்கம்தான். அதன் வாசலிலிருந்து தெற்கே நேராகப் போகிற அகலமான சாலை ஸ்ட்ராஸ்பூர் புல்வார். அதுவே கொஞ்ச தூரம் போனதும் செபாஸ்தோபோல் புல்வார் என்று பெயர் மாறுகிறது. நான் பார்க்க வேண்டும் என்று வந்தது அந்தச் சாலையைத்தான்.

பாரிஸுக்குப் போகிறவர்கள் ஈபெல் கோபுரத்தைப் பார்ப்பார்கள், லூவ்ரைப் பார்ப்பார்கள். செபாஸ்தோபோல் புல்வாரில் அப்படி விசேஷமாக ஒன்றும் இல்லை. துணிக்கடை, சாப்பாட்டுக்கடை, போக்குவரத்து, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சாலையின் பெயர் எனக்குப் பதிமூன்று வயதிலிருந்து தெரியும்.

புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியான இணைப்பு முடிந்த பிறகும் எங்கள் வகுப்புகள் பிரெஞ்சிலேயே நடந்தன. எங்களுக்குப் பிரெஞ்சு எடுத்தவர் ஒரு தமிழர். நாங்கள் "முசியே" என்றுதான் அழைப்போம். 1954-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவர் பாரிஸில் மேற்படிப்பில் இருந்தவர். ஒரு நாள் 'உறைந்து போதல்' என்கிற வினைச்சொல்லை விளக்க வந்தவர், பாடத்தை விட்டுவிட்டு அந்தக் குளிர்காலத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். செபாஸ்தோபோல் புல்வாரின் நடைபாதையில் ஒரு பெண் குளிரில் விறைத்துச் செத்துக் கிடந்தாள் என்றார். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. குளிரில் ஒருவர் சாவாரா? காய்ச்சலில் சாவார்கள், காலராவில் சாவார்கள், கடலில் போவார்கள். குளிரில் சாவது என்பது எங்கள் புத்திக்கு எட்டவில்லை. நான் எழுந்து, "அவள் ஏன் முசியே வீட்டுக்குள் போகவில்லை?" என்று கேட்டேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அவள் கையில் ஒரு காகிதம் இருந்தது" என்றார். மணி அடித்துவிட்டது. அந்தப் பதில் எனக்கு அன்று புரியவில்லை.

பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஒன்பது ஆண்டு ஆகியும் பிரான்சில் மக்களுக்கு வீடு இல்லை. குண்டு விழுந்து இடிந்தவை போக, முதல் உலகப் போர்க் காலத்திலிருந்தே வாடகையை அரசு கட்டுப்படுத்தி வைத்திருந்ததால், புது வீடு கட்டி வாடகைக்கு விடுவதில் லாபமில்லை என்று பணக்காரர்கள் கட்டுவதையே நிறுத்தியிருந்தார்கள். போருக்குப் பின் குழந்தைகள் நிறையப் பிறந்தன. கிராமத்திலிருந்து வேலை தேடி நகரத்துக்கு வந்தவர்களும் அதிகம். வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்குகிற குடும்பங்களே பழைய லாரிக்குள்ளும், கூடாரத்திலும், தகரக் கொட்டகையிலும் இருந்தன. ஆக, தெருவில் படுத்திருந்தவர்கள் எல்லோரும் சோம்பேறிகளும் குடிகாரர்களும் என்று நினைத்துவிடக் கூடாது.

அந்த நாட்களில் பாரிஸுக்குக் கிழக்கே நெய்யி-பிளெசான்ஸ் என்கிற ஊரில் ஒரு கத்தோலிக்கக் குரு இருந்தார். இயற்பெயர் ஆன்ரி குருவேஸ். ஜெர்மானியர் ஆக்கிரமிப்பின்போது தலைமறைவு இயக்கத்தில் வைத்துக்கொண்ட பெயராலேயே அவரை உலகம் அறியும்: அபே பியேர். போருக்குப் பின் 1951 வரை பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். 1949-இல் எம்மாவுஸ் என்கிற அமைப்பைத் தொடங்கினார். சிறையிலிருந்து வந்தவர்கள், குடும்பத்தை இழந்தவர்கள், போக்கிடம் இல்லாதவர்கள் அங்கே ஒன்றாக வாழ்ந்தார்கள். குப்பையிலும் பழைய சாமான்களிலும் விலை போகக்கூடியதைப் பொறுக்கி விற்று, அந்தக் காசில் வீடில்லாத குடும்பங்களுக்குச் சிறு வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். பல நேரங்களில் நகராட்சி அனுமதி இல்லாமலேயே கட்டினார்கள். அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த எனக்கு அதைப் படித்தபோது முதலில் கொஞ்சம் உறுத்தியது என்பதை மறைக்க விரும்பவில்லை.

1954 ஜனவரி தொடக்கத்தில், அவசரக் குடியிருப்புகள் கட்ட 100 கோடி பிராங்க் ஒதுக்க வேண்டும் என்கிற யோசனை பாராளுமன்ற மேலவையில் ஏற்கப்படாமல் போயிற்று. ஏறக்குறைய அதே நேரத்தில், ஜனவரி 3-ஆம் தேதி இரவு விடிவதற்குள், நெய்யி-பிளெசான்ஸில் ஒரு கைக்குழந்தை குளிரில் இறந்துபோனது. அதன் தாய் தந்தை குடியிருந்தது ஒரு பழைய பஸ்ஸின் வெறும் கூட்டுக்குள். அபே பியேர் வீட்டுவசதிக்குப் பொறுப்பான அமைச்சர் மொரீஸ் லெமேருக்குப் பத்திரிகை வழியாக ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, அந்தக் குழந்தையின் அடக்கத்துக்கு வரும்படி அழைத்தார். அமைச்சர் வந்தார். சவ ஊர்வலத்தில் நடந்தார். அந்த மக்கள் இருந்த இருப்பைக் கண்ணால் பார்த்தார்.

ஜனவரி முடிவில் குளிர் இன்னும் இறுகியது. பாரிஸில் சுழியத்துக்குக் கீழே 10 டிகிரியையும் தாண்டி இறங்கியது. கிழக்கு மாநிலங்களில் அதைவிட மோசம். பிப்ரவரி 1-ஆம் தேதி அதிகாலை மூன்று மணிக்குச் செபாஸ்தோபோல் புல்வார் நடைபாதையில் அந்தப் பெண் இறந்தாள். இரண்டு நாள் முன்புதான் அவளை வீட்டிலிருந்து வெளியேற்றியிருந்தார்கள். வெளியேற்றிய உத்தரவை மார்போடு இறுக்கிப் பிடித்தபடி கிடந்தாள்.

அன்றே அபே பியேர் ஒரு வேண்டுகோளை எழுதினார். முதலில் அது அரசு வானொலியில் வாசிக்கப்பட்டது. பிறகு ரேடியோ லக்சம்பர்க்கில் அவரே பேசினார். அந்தப் பேச்சு மொத்தமே சில நிமிடங்கள்தான். அதில் தத்துவம் எதுவும் இல்லை. அந்தப் பெண்ணின் சாவைச் சொன்னார். ஒவ்வொரு இரவும் 2,000 பேருக்கு மேல் பனியில் கிடக்கிறார்கள் என்றார். பாந்தெயோன் அருகிலும் கூர்பெவுவாவிலும் இரண்டு உதவி மையங்கள் திறந்து அதற்குள் நிரம்பி வழிகின்றன, எல்லா ஊர்களிலும் இதுபோல் திறக்க வேண்டும் என்றார். இன்றிரவுக்குள், முடியாவிட்டால் நாளைக்குள், 5,000 கம்பளிகள், 300 பெரிய அமெரிக்கக் கூடாரங்கள், 200 அடுப்புகள் வேண்டும் என்றார். எங்கே கொண்டுவந்து கொடுப்பது என்று விலாசமும் சொன்னார்: லா பொயெசி தெரு, 92-ஆம் எண், ரொசெஸ்தர் ஓட்டல்.

நான் இந்த வேண்டுகோளைப் பலமுறை படித்திருக்கிறேன். முப்பத்தெட்டு வருஷம் குறிப்பாணைகளும் சுற்றறிக்கைகளும் எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், அது ஒரு நல்ல அலுவலகக் குறிப்பு. என்ன நடந்தது, எத்தனை பேர், என்ன தேவை, எவ்வளவு, எப்போதைக்குள், எங்கே சேர்ப்பது. எல்லாம் இருந்தது. "அனைவரும் ஆவன செய்ய வேண்டும்" என்று பொதுவாக எழுதி முடித்திருந்தால் யாரும் ஒன்றும் செய்திருக்க மாட்டார்கள்.

ஆனால் மக்கள் செய்தார்கள். அன்றிரவே அந்த ஓட்டல் வாசலில் கார்களும் மூட்டைகளும் வந்து குவிந்தன. தொலைபேசி இணைப்புகள் திணறின. கம்பளி, மேல்கோட்டு, நகை, பணம் என்று வந்ததை எல்லாம் ஓட்டலில் வைக்க இடம் இல்லாமல், அப்போது பயன்பாட்டில் இல்லாமல் கிடந்த ஓர்சே ரயில் நிலையத்தைத் திறந்துவிட வேண்டியிருந்தது. இன்று நம்மவர்கள் ஓவியம் பார்க்கப் போகிறார்களே, அதே ஓர்சேதான். மொத்தம் 50 கோடி பிராங்க் நன்கொடையாகச் சேர்ந்தது. திரைப்படத்தில் நாடோடி வேஷம் போட்டே புகழ் பெற்ற சார்லி சாப்ளின் தன் பங்காக 20 லட்சம் பிராங்க் கொடுத்தார். இவையெல்லாம் பழைய பிராங்க் கணக்கு. 1960-இல்தான் 100 பழைய பிராங்க் ஒரு புதிய பிராங்க் ஆயிற்று. பத்திரிகைகள் இந்த எழுச்சிக்கு 'நல்லெண்ணத்தின் கிளர்ச்சி' என்று பெயர் வைத்தன. ஒரு மாதத்துக்கு முன் 100 கோடி தர மனம் வராத பாராளுமன்றம், பிப்ரவரி 4-ஆம் தேதி அவசர வீடுகளுக்காக 1,000 கோடி பிராங்கை அனுமதித்தது.

அதே 1954-தான் நமக்கும் பெரிய ஆண்டு. மே மாதம் பிரெஞ்சுப் படை தியன் பியன் பூவில் தோற்றது. புதுவையிலிருந்து இந்தோசீனாவுக்குச் சொல்தாவாகப் போனவர்களின் வீடுகளில் கவலை. அக்டோபர் 18-இல் கீழூரில் வாக்கெடுப்பு. நவம்பர் 1-இல் மூவர்ணக் கொடி ஏறியது. நான் நாலு வயதுப் பிள்ளை. நம்மை ஆண்ட நாட்டின் தலைநகரிலேயே அந்த ஆண்டுத் தொடக்கத்தில் ஜனங்கள் படுக்க இடமின்றித் தெருவில் விறைத்துக் கிடந்தார்கள் என்பது அன்று புதுவையில் எத்தனை பேர் காதில் விழுந்திருக்கும்?

சரி, 2012-க்கு வருகிறேன். அந்தச் சாலையில் எந்த இடத்தில் அந்தப் பெண் கிடந்தாள் என்று எனக்குத் தெரியாது. வேண்டுகோளில் அவள் பெயரும் இல்லை, கதவு எண்ணும் இல்லை. ஆகவே நடைபாதையில் ஓரிடத்தில் சும்மா நின்றேன். கண்ணில் நீர் வழிந்தது. அது உணர்ச்சியால் அல்ல, காற்றால். காது முதலில் வலித்தது, பிறகு இருப்பதே தெரியவில்லை. உடம்பில் நாலு அடுக்குத் துணி இருந்தும் காலடியிலிருந்து குளிர் ஏறியது. செருப்புக் கடைக்காரர் தடித்த அடி என்று சொல்லி விற்ற பூட்ஸ் வழியாகவே ஏறியது. நிற்கிற எனக்கே இப்படி என்றால், படுத்தவளுக்கு?

வீட்டு விலாசமும் தொலைபேசி எண்ணும் எழுதி மகள் கொடுத்திருந்த ஒரு துண்டுக் காகிதம் சட்டைப்பையில் இருந்தது. நேரமாகிறதே, போன் செய்யலாம் என்று அதை எடுத்தேன். நாலாக மடித்த காகிதம். பிரிக்க முடியவில்லை. விரல் மடங்குகிறது, ஆனால் எதையும் பிடிக்கவில்லை. என் கை எனக்குச் சொந்தமில்லாததுபோல் இருந்தது. இருபது நிமிஷம்கூட ஆகியிருக்காது. பக்கத்துக் காப்பிக் கடைக்குள் போய் உட்கார்ந்தேன். சூடு ஏற ஏற விரல்களில் ஊசி குத்துவதுபோல் வலி. அங்கே உட்கார்ந்துகொண்டுதான் முசியே சொன்ன பதில் எனக்குப் புரிந்தது.

குளிர் எப்படிக் கொல்கிறது என்பதை மருத்துவர்கள் தெளிவாகச் சொல்கிறார்கள். நம் உடம்பின் உள்சூடு ஏறக்குறைய 37 டிகிரி. அது 35-க்குக் கீழே போனால் ஆபத்து. முதலில் நடுக்கம். அது உடம்பு தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளச் செய்கிற வேலை. 32 டிகிரி அளவுக்கு இறங்கினால் அந்த நடுக்கமே நின்றுவிடும். பார்க்கிறவர்கள் குளிர் விட்டுவிட்டது என்று நினைப்பார்கள். உண்மையில் உடம்பு கைவிட்டுவிட்டது. புத்தி மயங்கும், பேச்சு குழறும், தூக்கம் வரும், பிறகு இதயம் நிற்கும். இதற்கு மைனஸ் எட்டு தேவையில்லை. வயதானவராக இருந்து, பட்டினியாக இருந்து, உடம்பு முழுக்க நனைந்தும் இருந்தால், நம்மூர் மழைக்காலக் காற்றே போதும். ஈரத் துணி உடம்பின் சூட்டை வேகமாக உறிஞ்சிவிடும்.

அந்தக் காப்பிக் கடையில் எனக்கு இன்னொரு காகிதமும் நினைவுக்கு வந்தது. இதுவரை இதை நான் எழுதியதில்லை. வீட்டில்கூடச் சொன்னதில்லை.

எழுபதுகளின் இறுதி. நான் இளநிலை எழுத்தர். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். வாய்க்கால் கரையில் அரசு நிலத்தில் இருந்த சில குடிசைகளைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் என் மேஜைக்கு வந்தது. ஏழு நாள் கெடு. அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டார். எண் போட்டு, பதிவேட்டில் ஏற்றி, பியூனிடம் கொடுத்து அனுப்ப வேண்டியது என் வேலை. ஐப்பசி மாதம். நாலு நாளாக அடைமழை. வந்த அன்றே எண் போட்டு அன்றே அனுப்பிவிட்டேன். என் மேஜையில் எதுவும் தங்காது என்று எனக்கு நல்ல பெயர். அந்தப் பெயரில் எனக்குப் பெருமையும் உண்டு.

பத்து நாள் கழித்து ஒரு பாட்டி அலுவலக வராந்தாவில் வந்து நின்றாள். முழுக்க நனைந்திருந்தாள். பல் கிட்டி, உடம்பு உதறிக்கொண்டிருந்தது. இடுப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, அதற்குள்ளிருந்து அந்த நோட்டீஸைப் பிரித்து நீட்டினாள். உடம்பெல்லாம் ஈரம், காகிதம் மட்டும் காய்ந்திருந்தது.

"தம்பி, இதுல என்ன எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லேன். அஞ்சு நாளா பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்துல கெடக்கறோம். அங்கயும் இன்னிக்கு எழுந்திருக்கச் சொல்லிட்டாங்க."

படித்துச் சொன்னேன். எண், தேதி, சட்டப் பிரிவு, கெடு எல்லாம். "சரி தம்பி" என்றாள். காகிதத்தை மறுபடி மடித்து, உறையில் போட்டு, இடுப்பில் செருகிக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள். அதற்குப் பிறகு அவள் என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது. நான் விசாரிக்கவில்லை. வாய்க்கால் கரை எங்கே என்று எனக்குத் தெரியும், சைக்கிளில் போனால் பத்து நிமிஷம். போகவில்லை.

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்த நண்பர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும். காரணமே இல்லாமல் ஒரு கோப்பு இரண்டு மாதம் தூங்குவது நமக்கு அதிசயமா? வாரிசுச் சான்றிதழ் தூங்கும், ஓய்வூதியக் கோப்பு தூங்கும், விதவையின் மனு தூங்கும். யாரும் கேட்க மாட்டார்கள். அந்த ஒரு நோட்டீஸ் மட்டும் தைப்பொங்கல் வரை என் மேஜையில் தூங்கியிருந்தால் உலகம் முழுகிப் போயிருக்காது. நிலம் அரசுக்குச் சேர வேண்டியதுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. உத்தரவில் தப்பு இல்லை. தேதிதான் தப்பு. தேதியைப் போட்டவன் நான்.

இப்படிச் செய்யலாமா என்று அன்று யோசித்திருந்தால்கூட எனக்குத் துணிவு வந்திருக்குமா என்று தெரியவில்லை. கீழே இருக்கிறவனுக்குத் தன் விருப்பப்படி இரக்கப்பட இடமில்லை. அதனால்தான் பிரெஞ்சுக்காரர்கள் அதைச் சட்டமாகவே எழுதினார்கள். 1956 பிப்ரவரியில் இன்னொரு பயங்கரக் குளிர் வந்தது. தெற்கே ப்ரோவான்ஸில் ஒலிவ மரங்களே பட்டுப்போயின. அந்த ஆண்டு டிசம்பர் 3-ஆம் தேதி ஒரு சட்டம் வந்தது. டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை, நீதிமன்ற உத்தரவே இருந்தாலும், குடியிருப்பவரை வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது. இப்போது அந்தக் காலம் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை நீண்டிருக்கிறது. அங்கே இதற்குக் 'குளிர்காலப் போர்நிறுத்தம்' என்று பெயர். வாடகைப் பாக்கி தள்ளுபடி ஆகாது. வழக்கு நிற்காது. சில விதிவிலக்குகளும் உண்டு. ஏப்ரல் பிறந்ததும் உத்தரவு மறுபடி உயிர் பெறும். குளிர் தீரும் வரை கதவை மட்டும் பூட்ட முடியாது, அவ்வளவே. குமாஸ்தா துணிச்சல்காரனாக இருக்க வேண்டியதில்லை, இரக்கமுள்ளவனாகக்கூட இருக்க வேண்டியதில்லை. நாட்காட்டியைப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

இதை எழுதும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விடக் கூடாது. அபே பியேர் 2007 ஜனவரி 22-இல் தம் 94-ஆம் வயதில் காலமானார். பல ஆண்டுகள் பிரெஞ்சு மக்களின் மனதுக்கு மிகவும் பிடித்த மனிதர் அவர். 1954 குளிரைப் பற்றி 1989-இல் ஒரு திரைப்படமும் வந்தது. ஆனால் 2024 ஜூலையில், அவர் தங்களிடம் பாலியல் ரீதியாகத் தவறாக நடந்துகொண்டதாகப் பெண்கள் சொன்ன புகார்களை எம்மாவுஸ் அமைப்பே விசாரித்து வெளியிட்டது. தொடர்ந்து மேலும் பல பெண்கள் முன்வந்தார்கள். அவர் பெயரில் இருந்த அறக்கட்டளை பெயரையே மாற்றிக்கொண்டது. எனக்கு இது பெரிய வேதனை. பேரனிடம் அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இனி அப்படிச் சொல்ல மாட்டேன். அந்தப் பெண்கள் இத்தனை காலம் வாயடைத்துக் கிடந்ததற்கு, எங்களைப் போன்றவர்கள் அவரை உயரத்தில் தூக்கி வைத்ததும் ஒரு காரணம்தானே. ஆனால் 1954 பிப்ரவரியை அதற்காக மறக்க மாட்டேன். அந்த இரவு அவருக்கு மட்டும் சொந்தமானது இல்லை. வீட்டிலிருந்த ஒரே கம்பளியை மடித்து எடுத்துக்கொண்டு லா பொயெசி தெருவுக்கு நடந்தவர்களுக்கும் சொந்தம். எல்லாவற்றுக்கும் முன்னால், பெயர் தெரியாத அந்தப் பெண்ணுக்குச் சொந்தம்.

காப்பிக் கடையிலிருந்து கிளம்பும்போது அங்கே வேலை பார்த்த பையன் என் கையைப் பார்த்து, "முசியே, கையுறை இல்லையா?" என்று கேட்டான். ரயிலில் விட்டுவிட்டேன் என்றேன். யாரோ எப்போதோ மறந்து வைத்துவிட்டுப் போன ஒரு ஜோடியைக் கல்லாவுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். ஒன்று கறுப்பு, ஒன்று பழுப்பு. போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். மகள் கோபித்துக்கொண்டாள். மனைவி ஒன்றும் பேசாமல் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். அந்த இரண்டு கையுறையும் இன்னும் என் பீரோவில் இருக்கின்றன. புதுவையில் அவற்றுக்கு வேலை இல்லை.

நம்மூருக்குக் குளிர்காலம் இல்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை உண்டு. மழை பலக்கும் இரவுகளில், ஜன்னலைச் சாத்தும்போது, அந்தப் பாட்டியின் பிளாஸ்டிக் உறை எனக்கு நினைவுக்கு வருகிறது. இப்போது அலுவலகங்களில் இருக்கும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. உத்தரவைப் படியுங்கள், சட்டப் பிரிவைப் படியுங்கள். எண் போடுவதற்கு முன் ஒரு தரம் ஜன்னல் வழியாக வெளியேயும் பாருங்கள்.